சண்டே மார்க்கெட் ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றணும், ஆதரவுப் பட்டியலில் பெயரே இல்லை

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (ஞாயிறு, இரவு 9.40)
வணக்கம். கடலூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு ரவுட்டர் 200 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏதோ இன்டர்நெட் கம்பெனி தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பெட்டி. அட்மின் பாஸ்வேர்டு தெரியாது. ரீசெட் அழுத்தினாலும் அந்தக் கம்பெனி லைன் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது. கடை கீழே, வீடு மாடியில், நடுவில் கான்கிரீட் தளம். மாடிக்கு வைஃபை தரும் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் ஆனால் போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி (கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் ஏற்றும் திறந்த மென்பொருள்) ஏற்றலாம் என்று அதன் ஆதரவுப் பட்டியலில் தேடினேன், இந்த மாடலே இல்லை. 200 ரூபாயைத் தலைமுழுக வேண்டியதுதானா?

கெடிலக்கரை
மேலே ஒட்டியிருக்கிற பெயரை விடுங்கள், அது கம்பெனிக்காரன் ஸ்டிக்கர். பெட்டியைத் திறந்து பெரிய சிப்பிலும் எட்டுக் கால் சின்ன சிப்பிலும் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்குரூ தெரியவில்லை என்றால் ரப்பர் காலுக்கு அடியில் பாருங்கள். பிராட்காம் என்று இருந்தால் வைஃபைக்குத் திறந்த டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பு, அத்தோடு மூடிவிடலாம். மீடியாடெக் என்றால் பேசலாம்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்
பெரியது மீடியாடெக் எம்டி7628ஏஎன். சின்னது வின்பாண்ட் 25கியூ64. 64 எம்பி பிளாஷ் (சேமிப்பு இடம்), தாராளம்தானே?

கெடிலக்கரை
அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அது 64 மெகாபிட். எட்டால் வகுத்தால் 8 எம்பி. ராம் 64 எம்பி இருந்தால் தப்பித்தீர்கள், இப்போது வரும் பதிப்புகளுக்கு அதுதான் அடிமட்டம். 4 எம்பி பிளாஷ், 32 எம்பி ராம் பெட்டிகளை 19.07 பதிப்புக்கு அப்புறம் கைகழுவிவிட்டார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் வரும், போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான். மாடிக்கு இது போதும்.

அடுத்து சீரியல், அதாவது பெட்டி பூட் ஆவதைக் கணினித் திரையில் பார்த்துக் கட்டளை கொடுக்கும் இணைப்பு. போர்டு ஓரத்தில் வரிசையாக நாலு ஓட்டை இருக்கும். 3.3 வோல்ட் யுஎஸ்பி டிடிஎல் அடாப்டரில் கிரவுண்டு, டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) மூன்றை மட்டும் இணையுங்கள். நம்ம டிஎக்ஸ் அதன் ஆர்எக்ஸுக்குப் போகணும். விசிசி (மின்சார ஓட்டை) பக்கமே போகாதீர்கள்.

பாதிரிக்குப்பம் பையன்
அண்ணா, இவ்வளவு எதுக்கு? இதே சிப் இருக்கிற வேற ரவுட்டர் ஃபர்ம்வேரை, அதான் உள்ள ஓடுற மென்பொருளை எடுத்து, ஆன் பண்ணதும் வர்ற பூட் மெனுவில் 2 அழுத்தி ஏத்திடுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன்.

லாஸ்பேட்டை சாலிடர்
தம்பி, உனக்கு வாய்த்தது. அவரைக் கிணற்றில் இறக்காதே. அந்த மெனுவில் 2 பிளாஷில் எழுதும். 9 பூட்லோடரையே (பெட்டியை எழுப்பும் முதல் புரோகிராம்) மாற்றும், கை தவறினால் அப்புறம் சிப்பில் நேரே எழுதக் கிளிப்பும் புரோகிராமரும் வேணும். 1 மட்டும்தான் ராமில் ஏற்றும், கரண்டைப் பிடுங்கினால் எல்லாம் பழையபடி. சார், நீங்கள் 1. எம்டி7628, 8 எம்பி பிளாஷ் உள்ள ஆதரவுள்ள ரவுட்டர் எதற்காவது இனிட்ராம்எஃப்எஸ் இமேஜ் (முழுசாக ராமிலேயே ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி கோப்பு) இருக்கும், அதை எடுங்கள். அதற்கு முன்னால் பழைய ஃபர்ம்வேர் முழுசாகப் பூட் ஆகும் லாக்கை (திரையில் ஓடும் வரிகள்) அப்படியே சேமித்துப் போடுங்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (புதன்)
இரண்டு நாள் கரண்டும் கடையும் விடவில்லை, மன்னிக்கணும். 115200 வேகத்தில் வைத்தால் திரை முழுக்கக் குப்பை எழுத்து. 57600 வைத்ததும் லாக் தெளிவாக வந்தது: டிராம், அதாவது ராம், 64 எம்பி. ஆனால் 1 அழுத்தினால் கேட்கவே இல்லை.

லாஸ்பேட்டை சாலிடர்
லாக் வருகிறது, கீ போகவில்லை என்றால் ஆர்எக்ஸ் ஓட்டையைப் பாருங்கள். பச்சை பிடித்திருக்கிறதா? நம்ம ஊர் உப்புக் காற்று சும்மா விடாது. அது சுத்தமாக இருந்தால், ஆர்எக்ஸ் பாதையில் ரெசிஸ்டர் வைக்காமல் காலியாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வேண்டுமென்றே செய்வார்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்
பச்சையேதான். என் மகளுடைய பென்சில் ரப்பரால் தேய்த்தேன், செம்பு பளிச்சென்று வந்தது. மறுபடி சாலிடர் வைத்ததும் 1 வேலை செய்தது. இப்போது "லோடிங்" என்று போட்டுவிட்டு டி டி டி என்று வரிசையாக ஓடுகிறது.

கெடிலக்கரை
ஒவ்வொரு டியும் ஒரு டைம்அவுட், கேட்ட கோப்பு கணினியிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். கணினிக்கு 10.10.10.3 என்று கையால் முகவரி கொடுத்தீர்களா? ரவுட்டர் 10.10.10.123 என்று தன்னை வைத்துக்கொண்டு, கணினியின் அந்த 10.10.10.3இல்தான் டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்றம்) வழியாகக் கோப்பைத் தேடும். கொடுத்திருந்தால் ஃபயர்வால். டிஎஃப்டிபி வரும் யுடிபி 69ஐத் திறந்துவிடுங்கள், அல்லது ஐந்து நிமிஷம் அணைத்து வையுங்கள். கேபிளையும் வேற போர்ட்டில் மாற்றிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்
ஃபயர்வால்தான்! 192.168.1.1இல் லூசி (ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்புப் பக்கம்) திறந்துவிட்டது. ஆனால் வைஃபை என்று ஒன்றே காணோம். பழைய பூட் லாக்கையும் இணைத்திருக்கிறேன். இப்போது பிளாஷில் எழுதிவிடலாமா?

லாஸ்பேட்டை சாலிடர்
வேண்டாம், கையை எடுங்கள். லாக்கில் இந்த வரியைப் பாருங்கள்: பூட் ஆகும் முகவரி பிசி060000. வழக்கமாக இந்தச் சிப்பில் பிசி050000. அதாவது உங்கள் கம்பெனிக்காரன் நடுவில் ஒரு 64 கேபி கான்ஃபிக் பகுதியைச் செருகியிருக்கிறான். அதற்கு அப்புறம் உள்ளதெல்லாம் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது. வைஃபை அளவீட்டுத் தரவு இருக்கிற ஃபேக்டரி பகுதி வழக்கமாக ஹெக்ஸில் (16 அடிமான எண்) 40000இல் இருக்கும், உங்களுக்கு 50000இல். டிரைவர் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பையன் சொன்னபடி 2 அழுத்தியிருந்தால் பூட்லோடர் 60000இல் எழுதியிருக்கும், கெர்னல் 50000இல் தேடியிருக்கும், பெட்டி விடிய விடிய ரீபூட் ஆகிக்கொண்டே இருந்திருக்கும்.

முதல் வேலை பேக்கப். எம்டிடி (பிளாஷின் பகுதிகள்) 0 முதல் 3 வரை நாலையும் கணினிக்கு இழுத்து, வரிசையாக ஒட்டுங்கள். மொத்தம் சரியாக 8388608 பைட் வரணும். ஹெக்ஸ் எடிட்டரில் 50000க்குப் போனால் 28 76 என்று தொடங்கணும், சிப்பின் எண்ணே தலைகீழாக. அந்த 64 கேபியைத் தனியாக பென்டிரைவிலும் ஒன்று வையுங்கள். மேக் முகவரியும் (கருவியின் அடையாள எண்) ரேடியோ அளவீடும் அந்த ஒரு போர்டுக்கே உரியவை. வேற ரவுட்டரிலிருந்து எடுத்து ஒட்டினால் சிக்னல் நொண்டும்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (வியாழன்)
8388608. 50000இல் 28 76. உடம்பு சிலிர்த்துவிட்டது.

கெடிலக்கரை
அப்படியானால் ஓப்பன்டபிள்யூஆர்டி சோர்ஸை இறக்கி, நெருங்கிய மாடலின் டிடிஎஸ் கோப்பை (போர்டில் எது எங்கே என்று சொல்லும் கோப்பு) நகல் எடுங்கள். ஃபேக்டரி 50000, ஃபர்ம்வேர் 60000 முதல் கடைசி வரை, அவ்வளவுதான் மாற்றம். எல்இடி, பட்டன் எண்களை அப்புறம் பார்க்கலாம். ஏற்கெனவே கம்பைல் ஆனதைச் சேர்த்துக் கட்டும் இமேஜ் பில்டர் இதற்கு ஆகாது, முழுசாகக் கம்பைல் செய்யணும். இனிட்ராம்எஃப்எஸ்ஸும் உங்கள் டிடிஎஸ்ஸில் கட்டியதாகவே இருக்கட்டும். அதை 1 வழியாக ஏற்றி, வைஃபை தெரிந்த பிறகுதான் சிஸ்அப்கிரேடு, அதாவது பிளாஷில் எழுதுவது.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (ஞாயிறு)
கம்பைல் பாதியில் கரண்ட் போய், மறுபடி ஓட்டி, ராத்திரி ஒன்றரைக்கு முடிந்தது. ராமில் ஏற்றியதும் வைஃபை வந்தது, மேக் முகவரி பெட்டி அடியில் உள்ள ஸ்டிக்கரோடு ஒத்துப்போனது. அப்புறம்தான் பிளாஷில் எழுதினேன். இப்போது மாடியில் படுத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். வைஃபை விளக்கு மட்டும் எரியவில்லை, எரியாமலே போகட்டும். டிடிஎஸ்ஸை இங்கே இணைத்திருக்கிறேன்.

பாதிரிக்குப்பம் பையன்
அண்ணா, இன்னைக்கு மார்க்கெட்ல அதே பெட்டி மூணு கிடக்கு. 250 சொல்றாங்க. உங்க டிடிஎஸ் அப்படியே ஒத்துவருமா?

லாஸ்பேட்டை சாலிடர்
முதலில் பூட் லாக்கைப் போடு தம்பி.