உதவி தேவை: பகலில் குரங்கு, இரவில் யாரென்றே தெரியவில்லை. மாவையும் கொய்யாவையும் எப்படிக் காப்பாற்றுவது?

வளவுக்காரி (மட்டக்களப்பு, வெல்லாவெளிப் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவு அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. கறுத்தக்கொழும்பான் மா ஒன்று, நாட்டு மா ஒன்று, பலா ஒன்று, கொய்யா ஆறு, மாதுளை நாலு, வேலியோரம் வாழை. போன மாரியில் பத்துத் தென்னங்கன்றும் வைத்தோம். வீட்டுக்காரர் கட்டாரில். வீட்டில் நானும் அம்மாவும் ஏழாம் ஆண்டு படிக்கிற மகனும்தான்.

பகலில் குரங்கு வருவது பழகிப்போன விஷயம். இந்த முறை இரவிலும் போகிறது. படுக்கப் போகும்போது எண்ணி வைத்த கொய்யா விடிந்தால் இல்லை. அம்மா அணில் என்கிறா, பக்கத்து வீட்டு அண்ணன் வௌவால் என்கிறார், மகன் கள்ளன் என்கிறான்.

கல்லாற்று மாமாவிடம் பழைய தங்கூசி வலை (மீன் பிடிக்கிற நைலோன் வலை) வாங்கி வந்து மாவையும் கொய்யாவையும் மூடினோம். மூன்றாம் நாள் அதில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக் கிடந்தது. ஊரில் ஒருவர் வந்து வலையை வெட்டி அதை விட்டார். பழம் போவது மட்டும் நிற்கவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. மடைக்கு எங்கள் வளவுப் பழம் வைக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடி. என்னிடம் 15,000 ரூபா இருக்கிறது. வேலிக்குப் போடவா, வலைக்குப் போடவா, தகரத்துக்குப் போடவா?

மண்வெட்டி (சம்மாந்துறை)

தங்கச்சி, அந்தக் காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். யார் தின்கிறது என்று தெரியாமல் வேலி போட்டு நான் ஒரு முறை நன்றாகச் செலவழித்தவன்.

அணில் இரவில் தூங்கிவிடும். அதனால் உங்கள் உம்மாவின் கணக்கு பிழை. விடியக் காலையில், கூட்டுவதற்கு முன்னால், மரத்தடியை ஒரு சுற்றுப் பாருங்கள். தின்றது போக என்ன கிடக்கிறது? மரத்தடியில் மட்டுமா, வேறு எங்கும் கிடக்கிறதா? மதில் மேல், கூரை மேல் எச்சம் இருக்கிறதா? தென்னங்கன்றின் அடியையும் பாருங்கள்.

வளவுக்காரி

மண்வெட்டிக் காக்கா, நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் பார்த்தேன்.

கொய்யாவுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் திண்ணையில், கூரைக்கு நேர் கீழே, யாரோ சப்பித் துப்பியதுபோல் சக்கை உருண்டைகள். கிணற்றுக் கட்டில் எச்சம், அது முழுக்கப் பழ விதை. மாமரத்தில் நன்றாகப் பழுத்ததை மட்டும் தெரிந்து தின்றிருக்கிறது, காயைத் தொடவில்லை. தென்னங்கன்று இரண்டின் அடியைக் கடித்துக் குருத்தைத் தின்றிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மகன் ஒரு முள் பொறுக்கினான், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளம்.

பழைய வாத்தி (களுவாஞ்சிகுடி)

மகள், உங்கள் வளவுக்கு ஒருவர் இல்லை, மூன்று பேர் முறை வைத்து வருகிறார்கள்.

திண்ணையில் சக்கை துப்புகிறது சின்னப் பழ வௌவால். அது மரத்தில் இருந்து தின்னாது. பழத்தைக் கவ்விக்கொண்டு வசதியான ஓர் இடத்தில் போய்த் தொங்கி, சாற்றை விழுங்கி, நாரைத் துப்பிவிடும். அதனால்தான் மரத்தடி சுத்தமாகக் கிடக்கிறது. பழுத்ததைப் பார்த்துத் தின்று கிணற்றுக் கட்டில் விதையோடு கழிக்கிறது மரநாய். உங்கள் வீட்டுக் கூரைக்குள்ளேயே அது குடியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். முள்ளுக்குச் சொந்தக்காரர் யாரென்று தம்பிக்கே தெரிந்திருக்கும்.

மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. பூச்சி உருண்டை கட்டுங்கள், சீடி தொங்கவிடுங்கள் என்று இனி ஆட்கள் வருவார்கள். திறந்த வெளியில் பூச்சி உருண்டை மணம் நிற்காது. சீடிக்கு நாலு நாள் பயப்படும், ஐந்தாம் நாள் அதன் பக்கத்திலேயே இருந்து தின்னும். கழிவு ஒயிலை மரத்தில் பூசச் சொன்னால் கட்டாயம் கேட்காதீர்கள், பட்டை கெட்டுப்போகும்.

வட்டைக்காரன் (அக்கரைப்பற்று)

இவ்வளவு கதை எதற்கு? வேலியைச் சுற்றி ஒரு வெறுங்கம்பி இழுத்து, இரவில் வீட்டுக் கரண்டைக் கொடுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் வராது.

கம்பிக்காரன் (ஆரையம்பதி)

தம்பி, நான் வயரிங் வேலை செய்கிறவன். இதை விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். அந்தக் கம்பியில் முதலில் படுவது விடியப்புறம் கிணற்றடிக்குப் போகிற வீட்டு ஆளாக இருக்கும். வேலியில் 230 வோல்ட் கொடுப்பது சட்டப்படியும் குற்றம். யானையும் மனிதரும் இப்படிச் செத்த செய்தி இந்த நாட்டுக்குப் புதிதில்லை.

சூரிய மின்வேலி வேறு சாமான். அதில் உள்ள இயந்திரம் செக்கனுக்கு ஒரு தரம் போலத் துடிப்பு ஒன்றை அனுப்பும். வோல்ட் கூட, ஆனால் ஓடுகிற நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. உதைக்கும், பிடித்து வைக்காது. நல்லதாகப் போட்டால் 15,000-க்குள் முடியாது. போட்ட பிறகும் புல் முட்டாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், முட்டினால் வேலி செத்த வேலிதான். வௌவாலுக்கும் குரங்குக்கும் அது போதவும் போதாது. ஒன்று பறந்து வரும், மற்றது மரத்துக்கு மரம் பாயும்.

வட்டைக்காரன்

சரி அண்ணே, வாயை மூடிக்கொண்டேன்.

பழைய வாத்தி

வலை பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தத் தங்கூசியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கடலில் மீன் செவுள் மாட்டுகிற மாதிரித்தான் மரத்திலும் பாம்பும் கிளியும் வௌவாலும் மாட்டும். அடுத்த முறை சாரை வராமல் விரியன் வந்தால்? வலைதான் வேண்டுமென்றால் சின்ன விரலும் நுழையாத கண், வெள்ளை நிறம், தொங்காமல் இழுத்துக் கட்டியது. தொளதொளவென்று போர்த்தினால் எந்த வலையும் பொறிதான்.

எதாவது சிக்கினால் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். மரநாயோ குரங்கோ வௌவாலோ கடித்தால், கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி ஊசி நாய் கடித்தால் மட்டும் போடுவதில்லை. பாதி கடித்த பழத்தைப் பிள்ளை எடுத்துத் தின்னாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் அக்கா (செங்கலடி)

தங்கச்சி, நான் செய்வதைச் சொல்கிறேன், பெரிய செலவில்லை. பழைய சாரத்தைக் கிழித்துச் சின்னப் பை தைப்பேன். கொய்யா தேசிக்காய் அளவு வந்ததும் போட்டுக் காம்போடு சேர்த்துக் கட்டிவிடுவேன். மாங்காய்க்கு முட்டையளவில். அடியில் ஒரு சின்ன வெட்டு, மழைத் தண்ணீர் வடிய. மணமும் அடங்கும், பழ ஈயும் குத்தாது, கொய்யாவில் புழு நின்றதே இதனால்தான். எல்லாக் காய்க்கும் போட வராது. கைக்கு எட்டுகிற கிளைக்குப் போடுங்கள், உச்சியை அதுகளுக்கு விடுங்கள்.

பலாவுக்கு உரபேக் (உரம் வருகிற சாக்கு). பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து அழுகும், நான் இரண்டு காய் அப்படி இழந்தேன்.

மண்வெட்டி

மரநாய்க்குத் தகரம். தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே, இரண்டடி அகலத்தில் மாமரத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரம். ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டுங்கள், வருடத்துக்கு ஒரு தரம் தளர்த்திவிடுங்கள். ஆனால் மாமரக் கிளை கூரையில் முட்டிக்கொண்டிருந்தால் தகரம் சும்மா அழகுக்கு. கூரைக்கும் கிளைக்கும் இடையில் ஆறடியாவது வெட்டி விட வேண்டும். மதிலையும் பக்கத்து மரத்தையும் மறக்காதீர்கள்.

தென்னங்கன்றுக்குக் கம்பி வலை வளையம், இரண்டடி உயரம், ஓரடி மண்ணுக்குள். முள்ளம்பன்றி தோண்டும். பழைய தார்ப் பரலை (பீப்பாவை) வெட்டிக் கவிழ்த்தாலும் சரி.

வளவுக்காரி

எல்லோருக்கும் நன்றி. பகல் குரங்குக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே?

மண்வெட்டி

சொல்லத் தெரிந்தால் சொல்ல மாட்டோமா தங்கச்சி! 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதாக அமைச்சரே சொன்னார். அடுத்த மாதம் 15-ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் அவரவர் வளவில் நின்று குரங்கு, மயில், மர அணில் எல்லாம் எண்ணச் சொன்னார்கள். நானும் பேனையோடு நின்றேன். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. எட்டேகாலுக்கு வந்தது, பன்னிரண்டு.

பழைய வாத்தி

முதலில் எந்தக் குரங்கு என்று பாருங்கள். உச்சியில் வகிடு எடுத்ததுபோல் மயிர், சிவந்த முகம், கன்னத்துப் பைக்குள் அடைத்துக்கொண்டு ஓடினால் செங்குரங்கு. இலங்கையைத் தவிர வேறு எங்கும் இயற்கையில் இல்லாத இனம். குசினிக்குள்ளும் வரும். நீண்ட வால், கறுத்த முகம், சாம்பல் உடம்பு என்றால் மந்தி. அது இலை, பூ, பிஞ்சு தின்கிறது, குசினிப் பக்கம் அவ்வளவாக வராது.

செங்குரங்குக்கு முதல் வேலை குப்பை. சோறு, தேங்காய்ப்பூ, பழத்தோல் வெளியில் கிடக்கக் கூடாது. அப்புறம் ஆள் நடமாட்டம். வருகிற நேரம் பெரும்பாலும் ஒன்றுதான், அந்த நேரம் வெளியில் நின்று தகரம் தட்டுங்கள், தம்பியின் கெட்டபோலும் (கவண்) உதவும். நாய் நல்லது, ஆனால் பெரிய கடுவன் குரங்கு நாயையும் கிழித்துவிடும். நிச்சயமாக வேலை செய்வது ஒன்றுதான்: அதற்கு முன்னால் பறிப்பது. மாங்காயின் தோள் புடைத்துக் காம்படி பள்ளமானால் விளைந்துவிட்டது. பறித்து வைக்கோலில் வையுங்கள், பழுக்க வைக்கிற காபைட் கல் வேண்டாம்.

சாகாமத்தான் (திருக்கோவில் பக்கம்)

எல்லோரும் சின்ன ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். வெல்லாவெளி என்றால் ஆனை வராதா? பலா மரம் வீட்டிலிருந்து எத்தனை அடி?

வளவுக்காரி

குசினிச் சுவரிலிருந்து பதினைந்தடி இருக்கும் ஐயா. போன மாசி அறுவடைக்குப் பிறகு ஒரு தனியன் வேலி வரை வந்து போனது. வளவுக்குள் வரவில்லை.

சாகாமத்தான்

இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பலாப்பழ மணம் எனக்கே நாலு வளவு தாண்டித் தெரியும், அதற்குத் தெரியாதா? மரத்தில் ஒன்றையும் பழுக்க விடாதீர்கள். பிஞ்சிலேயே பொலஸ் (பலாப்பிஞ்சு) கறிக்குப் பறியுங்கள், மிச்சத்தை முற்றியதும் இறக்குங்கள். முள் அகன்று, தட்டினால் சத்தம் மாறி, காம்படி இலை மஞ்சளித்தால் நேரம் வந்துவிட்டது. நெல் மூட்டையைப் படுக்கிற அறையில் வைத்திருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எங்கள் பக்கம் சுவர் உடைந்த வீடுகளில் பாதி நெல்லுக்காகத்தான் உடைந்தது. வந்துவிட்டால் டோர்ச் அடித்துக்கொண்டு கிட்டப் போக வேண்டாம். உள்ளே இருந்தபடி 1992-க்கு அடித்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

வளவுக்காரி (ஐந்து கிழமைக்குப் பிறகு)

கேட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். சடங்கு வேலை.

தங்கூசியை அன்றைக்கே கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டேன். கிளை வெட்ட ஆள் கூலி 4,000, தகரமும் கம்பியும் 5,500, தென்னைக்குக் கம்பி வலை 3,200. பைக்குச் செலவில்லை, அப்பாவின் பழைய சாரங்கள். வெட்டும்போது அம்மா கொஞ்சம் அழுதா.

கிளை வெட்டியபோது கூரையில் ஓர் ஓடு விலகிக் கிடந்தது தெரிந்தது. வாத்தி ஐயா சொன்னது சரி, உள்ளே மரநாய் இருந்திருக்கிறது. இரவில் அது வெளியே போன பிறகு மூடினோம். குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடினோம், இருக்கவில்லை. இரண்டு இரவு ஓட்டைக் கீறிக்கொண்டு நின்றது, பிறகு காணவில்லை. பை போட்ட கொய்யாவில் மூன்றைத்தான் வௌவால் கிழித்தது. கன்றுகள் எட்டும் நிற்கின்றன. பலாவில் ஒன்பது காய் இறக்கினோம். தெரு முழுக்கப் பொலஸ் கறி.

மாதுளைக்குப் பை போட்டதுதான் பிழை. ஒரு நாள் காலை மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர இருபது நிமிடம், அதற்குள் செங்குரங்கு நாலு மரத்தையும் முடித்துவிட்டது. பையை அவிழ்க்கத் தெரிகிறது. ஒரு பையைத் தலையில் போட்டுக்கொண்டு மதிலில் இருந்த குட்டியை மகன் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

மடைக்குக் கறுத்தக்கொழும்பான் இருபத்திரண்டு போனது. மாதுளை கடையில் வாங்கினேன்.

தையல் அக்கா

மாதுளைக்குக் காம்பில் கம்பி முறுக்கிக் கட்டுங்கள், நூல் சரிவராது. அந்தப் படத்தைப் போடுங்கள்.