வெல்லமாட்டார் எண்டு தெரிஞ்ச ஆளுக்கு வாக்குப் போட்ட ஆக்கள் இருக்கிறியளோ?

வடலி:
2024 இல என்ர மகள் முதல் தரம் வாக்குப் போடப் போகேக்க கேட்டவள், அப்பா நீங்கள் முதல் முதல் ஆருக்குப் போட்டனீங்கள் எண்டு. குமார் பொன்னம்பலத்துக்கு, 1982 ஒக்டோபர் 20 எண்டு டக்கெண்டு சொன்னன். அவளுக்கு அந்தப் பேரே தெரியாது. மனசு ஒரு மாதிரிப் போச்சு, அதுதான் இஞ்ச எழுதிறன்.

எனக்கு அப்ப 21 வயசு. இலங்கையின்ர முதலாவது ஜனாதிபதித் தேர்தல், ஆறு பேர் கேட்டவை, அதில தமிழர் குமார். ஆட்சியில இருந்த யூ.என்.பி ஜே.ஆர் வெல்லுவார், இல்லாட்டி சுதந்திரக் கட்சி கொப்பேகடுவ எண்டு கதை, அந்தக் கட்சித் தலைவி சிறிமாவோவின்ர குடியியல் உரிமையைப் பறிச்சதால அவ கேக்கேலாது, தமிழர் விடுதலைக் கூட்டணி ஆளே நிறுத்தேல்ல. தமிழன் ஒருத்தன் அந்தக் கதிரையில இருக்கமாட்டான் எண்டு பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா முந்தின வருசம்தான் யாழ்ப்பாணம் நூலகத்தை எரிச்சவங்கள், நான் இருந்து படிச்ச இடம் கரியாக் கிடந்ததைப் போய்ப் பாத்தனான், பிறகு ஜே.ஆரின்ர யானைக்குப் போட எனக்குக் கை வருமோ? கொப்பேகடுவவின்ர கைச் சின்னத்துக்கும் மனம் வரேல்ல, பல்கலைக்கழகம் போக எங்கட பிள்ளையளுக்குக் கூடின புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தது அவையின்ர காலத்தில.

ஐயா வெங்காயம் செய்யிறவர், அவர் கொப்பேகடுவவுக்கு. காலமை ரெண்டு பேரும் ஒரு சைக்கிளில போனனாங்கள், நான் உழக்க அவர் கரியரில. தோக்கிற ஆளுக்குப் போட்டு என்னத்தைக் காணப்போறாய் எண்டு வழி நெடுகப் பேச்சு. உள்ளுக்க போய் குமாரின்ர பேருக்கு நேரா 1 எண்டு எழுதினன். மற்ற ஆக்களுக்கு விருப்ப வரிசையில 2, 3 உம் போடலாம். ஆருக்கும் போடேல்ல, வெறுமையா விட்டு மடிச்சுப் போட்டிட்டு வந்திட்டன்.

உங்களில ஆரும் இப்பிடிப் போட்டிருக்கிறியளோ? இப்ப நினைக்க என்ன தோணுது?

தோட்டக்காரன்:
அண்ணை, உங்கட ஐயாவின்ர பக்கத்தையும் சொல்லவேணும், நானும் அவர் போட்ட ஆளுக்குத்தான் போட்டனான். 70க்கும் 77க்கும் இடையில வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வச்சிருந்தவை, அந்தக் காசிலதான் எங்கட பக்கத்தில கனபேர் கல்வீடு கண்டது. கொப்பேகடுவதான் அப்ப விவசாய அமைச்சர். 77க்குப் பிறகு ஜே.ஆர் இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்து போச்சு. பிடி கட்டி வளையில தூக்கின வெங்காயம் விக்கேலாமல் அப்பிடியே முளைச்சு பச்சையாத் தொங்கினதை நான் கண்ணால கண்டனான், அம்மா அதுக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டே நிண்டவ.

இன்னொண்டு. உங்கட ஆள் எங்க தோத்தவர்? யாழ் மாவட்டத்தில குமாருக்கு 87,263, கொப்பேகடுவவுக்கு 77,300, ஜே.ஆருக்கு 44 ஆயிரம் சொச்சம். நாடு முழுக்க எடுத்தாத்தான் நூற்றுக்கு 2.67. இதை மகளுக்குச் சொல்லுங்கோ.

மலைக்காற்று:
படிச்சேன், வடலியோட ஐயாவும் தோட்டக்காரனோட அம்மாவும் கண்ணுக்குள்ள நிக்கிறாங்க. எங்க வீட்டுல 82ல வாக்கே இல்ல. எங்கப்பா தோட்டத்துல பொறந்து தோட்டத்துலயே கொழுந்து நிறுத்து வாழ்ந்தவரு, 1948 சட்டத்துனால அவருக்குப் பிரஜாவுரிமை கிடையாது, இந்தியாவும் இலங்கையும் நம்ம ஆளுங்களப் பிரிச்சுக்கிட்ட சாஸ்திரி ஒப்பந்தத்துலயும் நம்ம பேரு ரெண்டு பக்கமும் சேராமப் போச்சு. 2003 சட்டத்துக்கு அப்புறந்தான் பிரஜைன்னு ஆனாரு. 2005ல மொத மொத வாக்கு, அறுவது தாண்டியாச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு லயத்துலேர்ந்து எறங்கிப் போனாரு. யாருக்குப் போட்டீங்கன்னு எத்தனையோ தரம் கேட்டுட்டேன், கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. தோக்கிற ஆளுக்குப் போட்டேன்னு நீங்க சொல்றப்ப எனக்கு அதுவே பெரிய சொத்தாத் தெரியுது.

நெய்தல்:
நான் உங்கட மகளின்ர வயசுதான் அங்கிள், 2024 இல சங்குச் சின்னத்துக்குப் போட்டனான், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு. வீட்டில சண்டை, சஜித்துக்குப் போடு எண்டு மாமா, அனுரவுக்குப் போடு எண்டு தம்பி. வாக்குச்சீட்டு ஒரு முழத்துக்கு மேல நீளம், சங்கைத் தேடவே நேரம் போச்சு. 1 போட்டிட்டு 2ஐ ஆருக்குப் போடுறது எண்டு தெரியாமல் அப்பிடியே நிண்டன், கடைசியில ஒரு ஆளுக்குப் போட்டன், ஆரெண்டு சொல்லமாட்டன். அந்த முறை ஒருத்தரும் நூற்றுக்கு 50ஐத் தாண்டேல்ல, முதல் தடவையா ரெண்டாவது விருப்பையும் எண்ணினவை, அதால என்ர சீட்டைத் திருப்பி எடுத்து ஒரு ஆள் பாத்திருப்பார்தானே. சங்குக்கு 226,343. அதில ஒண்டு நான் எண்டு நினைக்க இப்பவும் சந்தோசமாத்தான் இருக்கு.

வடலி:
எல்லாருக்கும் நன்றி. தோட்டக்காரன், அந்த 87 ஆயிரத்தை எனக்கு முதல்ல சொன்னதே ஐயாதான். ரேடியோவைக் காதுக்குள்ள வச்சபடி வந்து, எழும்படா, உன்ர ஆள் இஞ்ச முதலாவதாம் எண்டு என்னைத் தட்டினவர். குமாரை 2000 ஜனவரியில கொழும்பில சுட்டுப்போட்டாங்கள் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த விடியக்காலைதான், அப்ப ஐயாவும் இல்லை.

தேர்தல் முடிஞ்சு ரெண்டே மாசத்தில சர்வசன வாக்கெடுப்பு வந்தது ஞாபகமோ, தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின்ர காலத்தை நீட்ட விளக்குச் சின்னம், வேண்டாமெண்டா குடம். டிசம்பர் 22. அதே சைக்கிளில போனனாங்கள், நான் உழக்க அவர் கரியரில. ரெண்டு பேரும் குடத்துக்கு. அண்டைக்கு ஐயா வழியில ஒண்டும் பேசேல்ல, ஏத்தத்தில மட்டும் இறங்கித் தள்ளிவிட்டவர்.