மடங்கிய விரல் நிமிர மாட்டேன் என்கிறது: ஊசி போடலாமா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. காலையில் வலது மோதிர விரல் மடங்கியபடியே இருக்கிறது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று நிமிர்கிறது. நேற்று தேங்காய் துருவும்போது மாட்டிக்கொண்டு, மூடியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டிரிக்கர் ஃபிங்கராம். தசைநாண் ஓடும் உறை உள்ளங்கைப் பக்கம் தடித்து, நாண் அதில் சிக்குகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். (சொடக்கு எடுத்ததால்தான் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி!)

6 வாரம் ஸ்பிளின்ட் (விரல் மடங்காமல் பிடிக்கும் பட்டை) போட்டும் பலனில்லை. அடுத்து ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் கையை மரக்கவைத்துச் சின்ன ஆபரேஷன் என்கிறார் டாக்டர். ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதுதான் பயம். போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது? சயான், செம்பூர் பக்கம் நல்ல கை சர்ஜன் தெரிந்தாலும் சொல்லுங்கள்.