புதுப்பிப்பு: இருமுனைக் கோளாறு என் குணமா, என் நோயா?

சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எனக்கு இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும்), இதை என் குணம் என்று எடுத்துக்கொள்வதா, எனக்கு வந்த நோய் என்று எடுத்துக்கொள்வதா? பலர் "சர்க்கரை நோய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள்.

நினைத்துப் பார்த்தேன். பாதிதான் பொருந்துகிறது. மாத்திரை விஷயத்தில் சரி. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த நோய்க்கு மருந்தாகும் என்று எழுதிய அதே லித்திய உப்புதான் எனக்கும். அளவு கூடினால் நஞ்சு என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. ஆனால் சர்க்கரை ஏறியதால் யாரும் விடிய விடியக் கவிதை எழுதியதில்லை. நான் எழுதினேன் (பெரும்பாலும் மோசமானவை). அவற்றை நோய் எழுதியது என்று சொல்ல மனம் வரவில்லை. அதே வாரம் சேமிப்பைக் கரைத்ததை மட்டும் நோயின் கணக்கில் சேர்க்கிறேன். நேர்மையில்லைதான், அக்கா சிரிக்கிறாள்.

உருப்படியாகச் செய்தது ஒன்று. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அனுமதிக்கும் முன்கூட்டிய அறிவுறுத்தலை எழுதத் தொடங்கியிருக்கிறேன்: முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எனக்காக யார் பேசுவது. அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறேன். இரண்டாம் பத்தியில் நிற்கிறேன்.