சூழலியல் ஆய்வு வேலை: மகளுக்கு என்ன சொல்வது?

தெம்பனிஸ் அம்மா:
மகள் உயிரியல் படிக்கிறாள். வெப்பமண்டலக் காடுகளை ஆராயப் போகிறாளாம். காட்டில் சுற்றுவதுதான் வேலையா?

சேற்றுக்கால்:
அக்கா, நான் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளில் ஆய்வு செய்கிறவன். நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் இறங்குவோம், முழங்கால்வரை சேறு. வழக்கமாக 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றித் தண்டை அளப்போம். கண்டல் மரமென்றால் தண்டைத் தாங்கி நிற்கும் முட்டுவேர்களுக்கு மேலே அளக்க வேண்டும். அப்புறம் வாரக்கணக்கில் கணினிதான்.

மக்களிடம் பேசுவதும் வேலைதான், ஓரவேலை இல்லை. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் செக் ஜாவா என்ற கடற்கரையை மண் கொட்டி நிரப்பி நிலமாக்க இருந்தார்கள். ஆர்வலர்கள் மக்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள், அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். 2001 டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கடற்கரை இன்றும் இருக்கிறது!

ஜூரோங் தம்பி:
அண்ணா, வேலை நிரந்தரமா?

சேற்றுக்கால்:
தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்தம்தான், தம்பி. வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தெம்பனிஸ் அம்மா:
சரி தம்பி. அவள் தமிழில் நன்றாகப் பேசுவாள், அது உதவுமா?

சேற்றுக்கால்:
கண்டிப்பாக. இங்குள்ள சுங்கை பூலோ அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப்போனால், தமிழ்நாட்டில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்த பாட்டிகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும்.