பாலாஸ்ட் ரெசிஸ்டருக்குத் தமிழ்: ‘தணிதடை’ சரியா?

செ.:
ரப்பர் பம்பர் எம்ஜிபிக்கான (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பழுதுபார்ப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஞ்சினில் பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்கு ‘பற்றவைப்புச் சுருள்’ என்று போட்டாயிற்று. பாலாஸ்ட் ரெசிஸ்டர்தான் பாக்கி. 3 ஓம் காயில் நேரே 12 வோல்ட்டில் ஓடும், 1.5 ஓம் காயிலுக்குத் தொடரில் இன்னொரு 1.5 ஓம் தடை வேண்டும், அதுதான் பாலாஸ்ட். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது மட்டும் சொலினாய்டு (ஸ்டார்ட்டரின் மின்காந்தச் சுவிட்ச்) வயர் தடையைச் சுற்றிக்கொண்டு போய்க் காயிலுக்கு இருப்பதை முழுதாகக் கொடுக்கும்.

மு.:
பாலாஸ்ட் என்பது கப்பலின் அடிபாரம். ஆகவே ‘அடிபாரத் தடையம்’. ‘பாரம்’ வடசொல் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

த.:
மெக்கானிக் டிக்கியில் மணல் மூட்டை தேடுவார், ஐயா. மின்னோட்டத்தைத் தணிக்கிறது, ‘தணிதடை’ போதும்.

மு.:
அது வினைத்தொகை. தணிகின்ற தடை, தானே குறைகிற தடை என்றாகும். இங்கே நேர்மாறு: சிலவகைக் கம்பிகளில் சூடேற ஏறத் தடை கூடும்.

த.:
கொல்யானை செத்த யானையா?

ர.:
வண்டி ஓடும்போது மட்டும் குறுக்கே நிற்பதால் ‘ஓட்டத்தடை’? ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பெயரே பழுதைச் சொல்லிவிடும்.

த.:
தடை ஓட்டத்தைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது.

ர.:
சரி, விட்டேன். ஆனால் ‘தடையம்’ வேண்டாம். தடையம் என்றால் கழற்றி மாட்டும் உருப்படி. இந்த வண்டியில் அது வயரிங் கட்டுக்குள் ஓடும் தடைக்கம்பி, கண்ணுக்குத் தெரியாது. பீங்கான் கட்டியைத் தேடிக் காணாமல், தடையே இல்லை என்று 3 ஓம் காயிலைப் போடுவார்கள். 14 வோல்ட்டை 4.5 ஓமால் வகுத்தால் 3 ஆம்பியர்தான். பொறி மெலிந்து, வேகம் எடுத்தால் மிஸ்ஸிங். இதற்கு எதிர்த் தப்பு இன்னும் மோசம்: தடையில்லாத வண்டியில் 1.5 ஓம் காயில். 9 ஆம்பியருக்கு மேல் பாயும். பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கருகும், காயில் கொதித்து எண்ணெய் கக்கும். எஞ்சினை நிறுத்தி, பாயிண்ட் மூடியிருக்க, சாவியைப் போட்டுக் காயிலின் பிளஸ் முனையில் அளக்கச் சொல்லுங்கள். 6 வோல்ட் அளவில் காட்டினால் தடை உண்டு. 12ஐ ஒட்டி நின்றால் இல்லை.

செ.:
இந்தச் சோதனை அப்படியே கையேட்டில் ஏறுகிறது. பெயர் ‘தணிதடை’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பாலாஸ்ட் ரெசிஸ்டர்’. மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு.

மு.:
எதிர்ப்பு நிற்கட்டும். அதிருக்க, ‘பற்றவைப்பு’ வெல்டிங்குக்கு எப்போதோ போய்விட்டதே, கவனித்தீர்களா?