உருண்டையை வெட்டாமலே குருத்தெலும்பு வளர்வதைப் பின்தொடர்ந்த அனுபவம்

குருத்தெலும்பு வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஸ்டெம் செல்களைச் சுழற்றி உருண்டையாக்கி, டிஜிஎஃப் பீட்டா 3 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம் கொடுத்து மூன்று வாரம் வளர்க்கிறோம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அதை வெட்டிச் சாயமேற்ற வேண்டும், இல்லையென்றால் கரைக்க வேண்டும். 7ஆம் நாள் பார்த்த உருண்டை 21ஆம் நாள் இருக்காது. பக்கத்தில் வளர்ந்த இன்னொன்றைத்தான் பார்ப்போம், இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

ஒளி உண்டாக்கும் நொதியான காசியா லூசிஃபெரேஸுக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை விட்டது. மின்மினியின் லூசிஃபெரேஸ் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும், அதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் வேண்டும். சின்னக் கடல் உயிரி ஒன்றிலிருந்து வந்த காசியாவைச் செல் தானாகவே, தான் வளரும் திரவமான மீடியத்தில் விட்டுவிடுகிறது. குருத்தெலும்பின் முக்கியப் புரதமான டைப் 2 கொலாஜனின் ஜீனை இயக்கும் பகுதியான ப்ரோமோட்டரோடு அதை இணைத்துவிட்டால், மீடியம் மாற்றும்போது சில துளி எடுத்து வெள்ளைப் பிளேட்டில் விட்டு, காசியா ஒளிரத் தேவையான கோலென்டரசின் சேர்த்து ஒளியை அளக்கலாம். உருண்டைக்கு ஒன்றும் ஆகாது. அதே உருண்டை முதல் வாரத்தில் மெல்ல ஏறி, அப்புறம் வேகம் பிடிப்பதை வரைபடத்தில் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காசியா மீடியத்தில் நாள்கணக்கில் சிதையாமல் இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் மீடியத்தை முழுதாக மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய ஒளியும் புதிய ஒளியும் கலந்துவிடும். கோலென்டரசின் நொதி இல்லாமலே கொஞ்சம் ஒளிரும், சீரம் இருந்தால் இன்னும் கூடும், ஆகவே ரிப்போர்ட்டர், அதாவது காசியா ஜீன், இல்லாத செல்களின் மீடியத்தையும் கூடவே அளந்து கழிக்க வேண்டும். ஒளி சில நொடிகளிலேயே மங்கத் தொடங்குவதால் கோலென்டரசினைத் தானே செலுத்தும் இன்ஜெக்டர் உள்ள கருவி நல்லது. செல் எண்ணிக்கை மாறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும், கடைசியில் டிஎன்ஏ அளவால் வகுப்பேன்.

ஒளி சொல்வது ஜீன் இயங்குகிறதா என்பதை மட்டும்தான், திசு உருவானதா என்பதை அல்ல. அதனால் முடிவில் குருத்தெலும்புத் திசுவைச் சிவப்பாகக் காட்டும் சஃப்ரானின் சாயமும் போட்டே தீருவேன். எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களில் டைப் 10 கொலாஜனும் சேர்ந்தே ஏறும், அதாவது நிலையான குருத்தெலும்பாக நிற்காமல் எலும்பாகும் பாதையில் போகும். டைப் 2 ஒளியை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டைப் 10 ப்ரோமோட்டர் வைத்த உருண்டைகளையும் அருகிலேயே வளர்த்து, இரண்டு வரைபடங்களையும் சேர்த்துப் போடுங்கள்.